மத்தும் குடமும் தறியும்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தூரம் 10, 12 கிலோமீட்டருக்கு மேல் இராது. மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்து, மேற்கே ஒரே மலைத்தொடரைப் பார்த்துக்கொண்டு, ஒரே காற்றையும் ஒரே மழையையும் பங்கிட்டு வாழும் இவ்விரு ஊர்களையும், கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் அறிய முயல்கிறவருக்கு, அவை இருவேறு உலகங்களாகவே தோன்றும். இராஜபாளையம் பஞ்சாலையின் ஊர். 1936-ஆம் ஆண்டில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையை முன்னோடியாகக் கொண்டு பெருகிய ஆலைகளின் இரைச்சலும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகளின் ஓயாத தட்டொலியும் அதற்குரியவை. ஸ்ரீவில்லிபுத்தூரோ கோயிலின் ஊர். ஆடிப்பூரத்தன்று பெருந்தேரின் சக்கரங்கள் அசைகையில் எழும் மரத்தின் முனகலும், அரையர் சேவையில் கைத்தாளம் எழுப்பும் வெண்கல ஒலியும், பால்கோவாக் கடைகளின் பின்கட்டில் இரும்புச் சட்டியின் அடியைத் துடுப்பு சுரண்டும் சத்தமும் அதற்குரியவை.

இத்தகைய ஒலிகளையே மூலதனமாகக் கொண்டு, வீட்டிலும் தெருவிலும் தொழிற்கூடத்திலும் அன்றாடம் புழங்கும் பொருள்களைத் தட்டியும் உரசியும் உருட்டியும் எழும் நாதங்களைத் தொகுத்து, அவற்றை ஓர் ஒழுங்கில் கோத்து, சிலர் கூடிச் செய்யும் பரிசோதனை முயற்சி ஒன்று உலகெங்கும் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டாக நடந்து வருகிறது. ராகமும் இல்லாமல், பாட்டும் இல்லாமல், வாத்தியம் என்று பெயர் பெற்ற எதுவும் இல்லாமல் செய்யப்படும் இதைச் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ளலாமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இது மேல்நாட்டார் கண்டுபிடித்த ஒரு விநோதம், நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறதே, அதை மட்டும் நான் ஏற்பதற்கில்லை. நம் பக்கத்துக் கலைகளைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால், இம்முயற்சியின் வேர் எது என்பதும், இது ஏன் பலர் கூடிச் செய்ய வேண்டிய காரியமாக இருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாளிடமே செல்வோம். திருப்பாவையின் 30 பாசுரங்களில், ஆறாவது முதல் பதினைந்தாவது வரையுள்ள பத்தும் உறங்குகிற தோழிமாரை எழுப்பும் பாசுரங்கள் என்பது யாவரும் அறிந்ததே. பக்தியாகவும் தத்துவமாகவும் அவற்றை வியாக்கியானம் செய்த ஆசாரியர்கள் பலர். ஒலியின் பக்கமாக நின்று அவற்றைப் படிக்கிறவருக்கு வேறொரு விசேஷமும் புலப்படும். விடிந்துவிட்டது என்பதற்குச் சாட்சியாக அப்பெண்கள் கொண்டுவருவதில் பெரும் பங்கு ஒலிக்கே உரியது: பறவைகளின் அரவம், கோயில் சங்கின் முழக்கம், துயிலெழும் முனிவர் சொல்லும் திருநாமம், தயிர்க்குடத்தில் மத்து எழுப்பும் சலசலப்பு. வெளியே நிற்பவர்கள் கேட்கிறார்கள். உள்ளே இருப்பவளுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் கேளாதவளாக இருக்கிறாள். அவளையும் கேட்கச் செய்து தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதற்காகவே அவ்வளவு முயற்சியும் நடக்கிறது.

ஏழாவது பாசுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று ஒலிகள் அடுக்காக அமைந்திருக்கின்றன. விடியலில் கூடிப் பேசும் பறவைகளின் கீச்சொலி மேல் ஸ்தாயியிலும், ஆய்ச்சியரின் கழுத்தணிகள் ஒன்றோடொன்று மோதும் கலகலப்பு நடு ஸ்தாயியிலும், கெட்டித் தயிருக்குள் மத்து சுழலும் கனத்த ஓசை கீழ் ஸ்தாயியிலுமாக நிற்கின்றன. இவற்றுள் அணிகளின் ஒலியையும் தயிரின் ஒலியையும் எழுப்புவது ஒரே உடலின் ஒரே அசைவாகையால், கயிற்றை இழுக்கும் கைகள் எந்தக் காலப்பிரமாணத்தில் போய் வருகின்றனவோ, அதே காலப்பிரமாணத்தில்தான் கழுத்தணியும் ஒலித்தாக வேண்டும். பறவை மட்டும் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்படாமல் தன்னிச்சையாகக் குறுக்கிடுகிறது. தாளத்தில் கட்டுண்டவை இரண்டும் கட்டுப்படாதது ஒன்றுமாக ஒலிகளை இணைக்கும் இந்த முறையை, இன்று ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை செய்கிறவர்கள் மிகுந்த பிரயாசையோடு கற்றுக்கொள்கிறார்கள். சங்கீதக் கச்சேரிக்குரிய வாத்தியம் ஒன்றும் அந்தப் பாசுரத்தின் அந்த இடத்தில் இல்லை. மத்து இருக்கிறது, பானை இருக்கிறது, நகை இருக்கிறது.

இனி, கூட்டு முயற்சி ஏன் என்ற கேள்விக்கு வருவோம். வீணை வித்வான் ஒருவர் தனியே அமர்ந்து மூன்று மணி நேரம் நம்மைக் கட்டிப்போட முடியும்; ஏனென்றால் பல தலைமுறைக் கைவினைஞரும் கலைஞரும் சேர்ந்து அந்த ஒரு வாத்தியத்துக்குள் ஆயிரம் ஒலிகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஓர் அண்டாவால் அது முடியாது. அதற்கு இரண்டு மூன்று ஒலிகளே உண்டு. அவற்றைச் சொல்லிவிட்டால் அதன் சொல்வளம் தீர்ந்துவிடும். பொருள் இவ்வாறு ஏழையாக இருப்பதால், அது அடுத்த பொருளின் துணையை நாடியே தீர வேண்டியிருக்கிறது; ஆகவே அதைக் கையில் வைத்திருக்கும் மனிதரும் அடுத்த மனிதரை எதிர்பார்த்தே தீர வேண்டியிருக்கிறது. ஒருவர் தம் திறமையைக் காட்டுவதற்கு இங்கே இடம் குறைவு. அடுத்தவர் முடிக்கும் இடத்தைக் கேட்டு, தாம் நுழையும் இடத்தை அறிந்து, மற்ற நேரமெல்லாம் சும்மா இருப்பதே இதில் திறமை.

இதற்குத் தென்பாண்டி நாட்டில் கண்கூடான சாட்சி வில்லுப்பாட்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் அம்மன் கொடைகளிலும் சாஸ்தா கோயில்களிலும் செழித்த அந்தக் கலையின் சாதனங்களை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். போருக்கும் வேட்டைக்கும் உரிய வில் ஒன்று. வைரம் பாய்ந்த பனையால் ஆளுயரத்துக்கும் நீளமாகச் செய்து, முறுக்கிய தோலை நாணாகக் கட்டி, மணிகளைத் தொங்கவிட்டது. நீர் சுமக்கும் மண்குடம் ஒன்று. வைக்கோல் பிரிமணையின் மேல் இருத்தி, வில்லின் நடுப்பாகத்தோடு பிணைத்தது. நாணை அடிக்க வீசுகோல் இரண்டு. குடத்தின் வாயில் அடிக்கப் பத்தி ஒன்று. இவற்றோடு உடுக்கையும் ஜால்ராவும் மரக்கட்டைகளும் சேருகின்றன. இவற்றுள் முதன்மையான வில்லும் குடமும் வேறு உபயோகத்துக்காகப் பிறந்து, யாரோ ஒருவருடைய காதின் கூர்மையால் கலைக்கு வந்து சேர்ந்த பொருள்களே. வேட்டையாடிக் களைத்தவர்கள் ஓய்ந்திருந்த நேரத்தில் வில்லின் நாணைத் தட்டிப் பாடியதிலிருந்து இக்கலை பிறந்தது என்று கர்ணபரம்பரையாகச் சொல்லுவார்கள். அது சரித்திரமோ அல்லவோ, கலையின் இயல்புக்குப் பொருத்தமான கதை என்பதில் ஐயமில்லை.

நாண் ஒரே ஸ்வரத்தில்தான் அதிரும். பத்தி பட்ட குடம் உள்ளே அடைபட்ட காற்றின் கும்மென்ற ஒலியை எழுப்பும். அதைத் தவிர அதனிடம் அதிகமாக எதுவும் இல்லை. ஆனால் நாணுக்கும் குடத்துக்கும் கட்டைக்கும் இடையே ஒலிகள் மாறி மாறிப் பாய, நடுவில் அமர்ந்த புலவர் ஒரு வரியைப் பாட, வலப்புறமும் இடப்புறமும் இருப்பவர்கள் அதை வாங்கிப் பாடி, வசனத்துக்கு 'ஆமாம்' போட்டு நகர்த்த, இரவு முழுவதும் ஓர் ஊர் விழித்திருந்து கேட்கிறது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில் பக்கத்திலிருந்து எடுத்துவந்து நகரவாசிகளுக்கு அறிமுகம் செய்ததும், அவருடைய அன்பைப் பெற்ற சுப்பு ஆறுமுகம் தம் நீண்ட வாழ்நாளெல்லாம் வளர்த்ததும் இந்தக் கலையைத்தான். சுப்பு ஆறுமுகம் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார். வில்லடித்துக் கதை சொன்ன மகா கலைஞர் என்று அவரைப் போற்றுகிறவர்கள், அவருக்குப் பின்னால் குடம் அடித்தவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பானையிலிருந்து கச்சேரி மேடைக்கு ஏறிய கடத்தைப் பற்றியும், நீர் ஊற்றிய பீங்கான் கிண்ணங்களால் ஆன ஜலதரங்கத்தைப் பற்றியும் இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று: மானாமதுரைக் குயவர் தட்டித் தட்டிக் கனமாக்கும் கடத்தின் வாயை, வாசிப்பவர் தம் வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் உள்ளிருக்கும் காற்றின் நாதத்தை மாற்றுகிறார், கிண்ணத்தில் நீர் கூடக்கூட ஸ்வரம் இறங்குகிறது. இரண்டிலும் பொருளின் உருவம் மாறவில்லை. அதைக் கையாளும் கவனம்தான் மாறியிருக்கிறது. விக்கு விநாயக்ராமின் கடம், பல தேசத்துத் தாளக் கலைஞர்கள் கூடி 1991-இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' என்ற இசைத்தட்டில் ஒலித்து, கிராமி விருதில் பங்கு பெற்றதும் கூட்டின் பெருமையே.

இப்போது மேல்நாட்டுக்குப் போகலாம். 1948-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர் என்னும் பொறியாளர், பாரிஸ் நகரின் பாட்டிஞோல் ரயில் நிலையத்துக்கு ஒலிப்பதிவுச் சாதனங்களோடு சென்று, நீராவி எஞ்சின்களின் மூச்சையும், ஊதலையும், தண்டவாள இணைப்புகளைச் சக்கரங்கள் தாண்டும் தாளத்தையும் தட்டுகளில் பதிந்துகொண்டு வந்தார். அக்காலத்தில் ஒலிநாடா அவர் கைக்கு வரவில்லை. மெழுகு போன்ற மென்பூச்சுள்ள தட்டில் ஊசி கீறிச் செல்லும் சுருள்கோடுதான் பதிவு. அந்தச் சுருளை ஓரிடத்தில் வளையமாக மூடிவிட்டால், ஊசி மேலே செல்ல வழியில்லாமல் ஒரு வினாடிக்கும் குறைவான ஒலித்துண்டையே மீண்டும் மீண்டும் சொல்லும். முதல் சில சுற்றுகளில் நமக்கு ரயில்தான் கேட்கும். சுற்றுகள் பெருகப் பெருக ரயில் மறைந்து, அதன் ஏற்ற இறக்கமும் சொரசொரப்பும் லயமும் மட்டுமே காதில் நிற்கும். எதனுடைய சத்தம் இது என்று கேட்கும் பழக்கத்தை விட்டு, எப்படிப்பட்ட சத்தம் இது என்று கேட்கத் தொடங்குவதே இக்கலையின் வாசற்படி. அந்த வாசலை ஷேஃபர் தட்டின் ஒரு பழுதிலிருந்து அமைத்துக்கொண்டார்.

அவர் செய்த மற்றொரு பரிசோதனை இன்னும் ரசமானது. மணியோசை ஒன்றைப் பதிந்து, நாக்கு மணியில் மோதும் முதற்கணத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சிய ரீங்காரத்தைக் கேட்டார். அது மணியாகவே தோன்றவில்லை. ஊதுகுழல் ஒன்றின் நாதம் போல் இருந்தது. ஒலி பிறக்கும் அந்தச் சிறு கணத்தைக் கொண்டே நம் காது ஒரு பொருளை இன்னதென்று அடையாளம் கண்டுகொள்கிறது என்ற உண்மையை இது வெளிச்சமாக்கியது. இன்று நம் வீட்டு எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் தட்டிக் கைப்பேசியில் பதிந்து, கணினியில் அந்தத் தட்டலை வெட்டிவிட்டுக் கேட்டால் இதே வியப்பை எவரும் அடையலாம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி இறங்கி, தம்ளர் கோயில் மணியாகிவிடும்.

ரயில் ஒலிகளும், சமையலறைப் பாத்திரங்களின் ஒலிகளும் அடங்கிய ஷேஃபரின் சிருஷ்டிகள் 1948-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி வானொலியில் ஒலிபரப்பாயின. ஆனால் அவை சிறு துணுக்குகளே. இருபது வயதைச் சற்றே கடந்த பியேர் ஆன்ரி என்ற தாளக் கலைஞர் 1949-இல் அவரோடு வந்து சேர்ந்த பிறகுதான், மனித உடலின் காலடி, மூச்சு, சீழ்க்கை, கூவல் ஆகியவற்றிலிருந்து இருவரும் சேர்ந்து அமைத்த பெரும் படைப்பு 1950-இல் அரங்கேறியது. பொறியாளருக்கு ஒலியின் உட்கூறு தெரிந்திருந்தது. தாளக்காரருக்கு ஓர் ஒலி எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது தெரிந்திருந்தது. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொண்டுவந்தார்.

அமெரிக்காவில் ஜான் கேஜ் 1940-லேயே, நால்வர் ஒரு வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, மேஜை, புத்தகம், பத்திரிகை, சுவர், ஜன்னல் சட்டம் முதலிய கைக்கெட்டிய பொருள்களைத் தட்டி வாசிப்பதற்கென்றே ஓர் உருப்படியை எழுதியிருந்தார். அவருக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு நம்மில் பலர் அறியாதது. 1946-இல் நியூயார்க் சென்ற கீதா சாராபாய், தமக்கு மேல்நாட்டு நவீன இசையைக் கற்பித்த கேஜுக்கு, அதற்கு ஈடாக இந்திய சங்கீதத்தைக் கற்பித்தார். குருதட்சிணை இரு பக்கமும் வித்தையாகவே கொடுக்கப்பட்டது. கீதா சாராபாய் ஆமதாபாத்தின் பெரிய நூலாலைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய முயற்சியின் துணையால், கேஜின் நண்பரும் பியானோ கலைஞருமான டேவிட் டியூடர் 1969-இல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, மின்னணு ஒலிக்கூடம் ஒன்றை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாயும் ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அங்கே 1972 வரை செய்த ஒலிப்பரிசோதனைகள் நாடாச் சுருள்களாகக் கிடந்து, வெகுகாலம் கழித்துக் கண்டெடுக்கப்பட்டு, 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன. நூலாலை நகரம் ஒன்றில் இது நடந்தது என்ற செய்தி, இராஜபாளையத்தாருக்கு விசேஷமாகப் படவேண்டும்.

அப்படியானால் இவ்விரு ஊராரும் கூடி ஒரு படைப்பைச் செய்வதானால் எப்படிச் செய்யலாம்? பெருஞ்செலவு வேண்டியதில்லை, கைப்பேசியும், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போன்ற மென்பொருளும், ஐந்தாறு பேரும் போதும். ஆனால் முதல் வாரம் எதையும் பதியக்கூடாது என்று நான் சொல்லுவேன். விடியுமுன் வாசலில் ஈர்க்கு விளக்குமாறு மண்ணைக் கீறும் ஒலி, கிணற்றுக் கப்பியின் கிறீச்சொலி, பிளாஸ்டிக் குடத்தில் நீர் நிறைய நிறைய உயரும் ஸ்வரம், ஆட்டுக்கல்லில் குழவி திரும்பும் கனம், பால் சுண்டச் சுண்டத் துடுப்பின் சத்தம் தளதளப்பிலிருந்து சுரண்டலாக மாறும் படிநிலைகள் ஆகியவற்றையெல்லாம் கேட்டு, கேட்டதை ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிப் பழக வேண்டும். சொல்லத் தெரிந்த ஒலியைத்தான் பிறகு தேர்ந்தெடுக்கத் தெரியும்.

பதிவு செய்கையில் கைப்பேசியை மேஜைமேல் வெறுமனே வைத்தால் மேஜையின் அதிர்வும் ஏறிவிடும். மடித்த துணியின்மேல் வைக்க வேண்டும். இராஜபாளையம் பக்கத்தில் பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் பஞ்சமில்லை. கைப்பேசி பெரிய ஒலியைத் தானே தணித்து, சிறிய ஒலியைத் தானே உயர்த்திக்கொள்ளும் இயல்புடையதாகையால், ஒரே ஒலியை அருகிலும், நாலடி தள்ளியும், அடுத்த அறையிலிருந்தும் பதிந்து வைப்பது நல்லது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஒலி ஓய்ந்த பிறகும் சில வினாடிகள் பதிவை ஓடவிட வேண்டும்; அந்த இடத்தின் மௌனமும் கோப்பதற்கு வேண்டிய பொருளே.

கோக்கும்போதுதான் கூட்டு முயற்சியின் உண்மையான சோதனை வரும். ஒவ்வொருவருக்கும் தாம் பதிந்த ஒலியின்மேல் ஆசை இருக்கும். அதைக் குறைக்க மனம் வராது. ஆகவே ஒருவர் பதிந்ததை மற்றொருவரே வெட்ட வேண்டும் என்று முதலிலேயே உடன்பாடு செய்துகொள்வது உத்தமம். ஒரு நேரத்தில் மூன்று ஒலிகளுக்கு மேல் நிற்கக்கூடாது என்ற வரம்பையும் வைத்துக்கொள்ளலாம். ஆண்டாள் மூன்றோடு நின்றதை நினைவில் வைத்துச் சொல்லுகிறேன். தறியின் லயத்தைத் தரையாக வைத்து, அதன்மேல் மத்தையோ துடுப்பையோ நடக்கவிட்டால் இரண்டு ஊரும் ஒரே உருப்படியில் சந்திக்கும். அரங்கேற்றத்துக்கு இடம் தேடவும் வேண்டாம்; சென்னை ராஜதானியின் முதன்மந்திரியாக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜா, தாம் வாழ்ந்த வீட்டையே கலைக்காகத் தானம் செய்து உருவான காந்தி கலை மன்றம் இராஜபாளையத்தில் இருக்கிறது.

தறிக்கூடத்தில் நுழைகிறவர்கள் ஒன்றை மறக்கலாகாது. நமக்குப் புதுமையாகவும் கம்பீரமாகவும் தோன்றும் அந்த ஓசை, அங்கே எட்டு மணி நேரம் நிற்கிறவருக்குக் காதைக் கெடுக்கும் இரைச்சல். நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் ஒலி 90 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வரம்பு வைத்திருப்பது வீணுக்கல்ல. அந்த ஓசையின் அழகைப் பற்றி மட்டும் பேசி, அதைச் சகிக்கிறவரின் காதைப் பற்றிப் பேசாமல் விடுவது நியாயமாகாது. அதே சமயம், அந்த இரைச்சலுக்குள்ளேயே ஒரு தறியின் தட்டு மாறுவதைக் கொண்டு கோளாறு எங்கே என்று அறிந்து அங்கே நடக்கிற தறிக்காரரின் காது, எந்த ஒலிப்பதிவுக்காரரின் காதுக்கும் இளைத்ததல்ல. சட்டியின் சத்தத்தைக் கொண்டே பால் அடிப்பிடிக்கப் போவதை உணர்ந்து துடுப்பை வேகமாக்குகிறவரின் காதும் அப்படியே.

ஆகையால் இத்தகைய படைப்பில் அவர்களை ஒலி கொடுத்தவர்கள் என்று ஒதுக்காமல், செய்தவர்கள் என்றே பெயர் எழுத வேண்டும். கோத்து முடித்த வடிவத்தை மன்றத்தில் போடுவதற்கு முன்னால் தறிக்கூடத்துக்கும் பால்கோவாக் கடைக்கும் எடுத்துச் சென்று அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இழை அறுந்த தறியின் சத்தத்தை நல்ல தறியின் சத்தமாக வைத்திருக்கிறீர்களே என்றோ, பால் திரளுமுன்பே கிண்டுவதை நிறுத்திவிட்டீர்களே என்றோ அவர்கள் சொல்லக்கூடும்; சொன்னால், மறுபடி பதிந்து, அந்த இடங்களைத் திருத்திய பிறகே அரங்கேற்றத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.